கபடிக் களத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை வைத்தியத்துக்கும் அரசுக் கடன் கிடைக்குமா?

தென்கரைத் தம்பி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சோழவந்தானுக்கு ஆற்றின் மறுகரையில், வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிற்றூரில் இளைஞர் மன்றம் நடத்துகிறோம். உறுப்பினர்கள் 62 பேர். மாதச் சந்தா 100 ரூபாய். ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்காதீர்கள். நான் செயலாளர். பிழைப்பு தேங்காய் வியாபாரம்.

மன்றத்துக்கு என்று இருப்பது ஒரு பழைய நெல் களம், 18 சென்ட். ஊர்ப் பெரியவர் ஒருவர், கொடிக்கால்காரர், ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் கொடுத்தார். மாலையில் பையன்கள் கபடி ஆடுகிறார்கள். ஓரத்தில் தகரக் கொட்டகை. ஞாயிறு காலையில் அதுதான் ஆஸ்பத்திரி. எங்கள் ஊரில் பிறந்து மதுரையில் வேலை பார்க்கும் டாக்டர் ஒருவர் பஸ் பிடித்து வந்து, இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து, காசு வாங்காமல் பார்த்துவிட்டுப் போவார். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் காற்றடிக்கும் ரப்பர் உருண்டை வெடித்துவிட்டது. பஞ்சர் கடைக்காரர் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிக் கொடுத்தார். அழுத்தும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். அது தங்கள் இரத்தக் கொதிப்பின் சத்தம் என்றே பாட்டிகள் நம்புகிறார்கள். டாக்டரும் மறுத்துச் சொல்வதில்லை.

ஐப்பசி வந்தால் தகரம் ஒழுகும், களம் சேறாகும், டாக்டர் வரமாட்டார். அதனால் இரண்டு அறை, கழிப்பறை, சுற்றுச்சுவர், நான்கு விளக்குக் கம்பம் கட்டலாம் என்று கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டோம். 15 லட்சம் என்றார்.

இங்கேதான் சங்கதி. அக்காள் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே 20,000 பேருக்கு மேற்படாத ஊர்களில் லாப நோக்கமில்லாத அமைப்புகள் மருத்துவமனை கட்டவும் சமுதாயக் கூடம் கட்டவும் மத்திய அரசின் வேளாண்மைத் துறையே கடன் தருகிறதாம். 40 ஆண்டுத் தவணை வரைகூட உண்டாம். மாட்டுக்கும் நெல்லுக்கும் கடன் கொடுக்கிற துறை மருத்துவமனைக்குக் கொடுக்கிறதா என்று கேட்டு அவனை இரண்டு முறை சொல்ல வைத்தேன். அப்படியானால் நம்மிடமும் ஏதாவது இருக்க வேண்டுமே என்று விசாரிக்கத் தொடங்கினேன்.

மூன்றாம் நாளே ஒருவர் தேடி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தோல் பை, பைக்குள் கோபுர முத்திரை போட்ட தாள்கள். "மன்றத்தின் பெயரில் 50 லட்சம் கடன், அதில் 35 விழுக்காடு மானியம், நிலத்தைக்கூடக் காட்ட வேண்டாம்" என்றார். கோப்புச் செலவு 25,000. எங்கள் பொருளாளர் நல்லவர், அதுதான் அவரிடம் உள்ள கோளாறு. கையோடு 10,000 ரூபாயைக் கைப்பேசியிலேயே அனுப்பிவிட்டார். இது நடந்து ஆறு நாள் ஆகிறது.

உண்மையில் இப்படி ஒரு அரசுக் கடன் உண்டா? இருந்தால் யாரைப் பார்க்க வேண்டும்?

பழைய கிளைமேலாளர் எழுதியது:

தம்பி, மிச்சம் 15,000 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். கைப்பேசி வழியாகப் போன பணம் என்பதால் 1930 என்ற எண்ணுக்கு இன்றே கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்கள். முதல் நாளே செய்திருந்தால் பணம் திரும்பி வர வாய்ப்பு அதிகம். பொருளாளரைத் திட்டாதீர்கள். உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் என்று 31 ஆண்டுகள் கிளை கிளையாக உட்கார்ந்தவன் நான். இந்த வெள்ளைச் சட்டையிடம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அவர் சொன்ன இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன தெரியுமா? பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்திலிருந்து. அதில் உற்பத்தித் தொழிலுக்குத் திட்டச் செலவு 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை. கிராமப்புறத்தில் சிறப்புப் பிரிவினருக்கு மானியம் 35 விழுக்காடு. புதிதாகத் தொழில் தொடங்கிச் சம்பாதிக்கிறவனுக்கான திட்டம் அது. கபடிக் களம் எதையும் விற்பதில்லை. ஒரு திட்டத்தின் தலையை வெட்டி இன்னொன்றின் உடலில் ஒட்டினால் கேட்கிறவர்களுக்கு உண்மை போலவே இருக்கும். எண்கள் உண்மையாயிற்றே.

இனி உங்கள் கேள்வி. நம் நாட்டில் இதற்கான அரசுக் கடன் பெரும்பாலும் அரசுக்கே போகிறது. வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு 1995-96 முதல் ஊரக உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதி என்று ஒன்றை நடத்துகிறது. பாலம், சாலை, பாசனத்தோடு மருத்துவக் கட்டடங்களுக்கும் அதிலிருந்து பணம் உண்டு. ஆனால் கடன் வாங்குவது மாநில அரசு, கட்டுவது துறை. அந்த வரிசையில் உங்கள் மன்றம் நிற்க இடமில்லை.

சாதாரண வங்கிக் கடன் கேட்கலாம். ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர்களில் மருத்துவ வசதி கட்டக் கொடுக்கும் கடனை முன்னுரிமைக் கடனாகக் கணக்குக் காட்டலாம் என்று ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது. 2020 வழிகாட்டுதலில் உச்சவரம்பு 10 கோடியாக இருந்தது. ஆனால் 'முன்னுரிமை' என்ற சொல்லைக் கேட்டு மயங்காதீர்கள். அது வங்கி தன் ஆண்டு இலக்கை நிரப்பிக்கொள்ள உதவும் சொல். அதனால் வட்டி குறையாது. மேலாளர் கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

சரி, கொடுத்தார் என்றே வைத்துக்கொள்வோம். 15 லட்சம், 11 விழுக்காடு வட்டி, 10 ஆண்டு. மாதத் தவணை சுமார் 20,660 ரூபாய். 62 பேரும் சந்தாவை ஒழுங்காகக் கட்டினாலே 6,200. மூன்றாம் மாதம் உங்கள் கையெழுத்துக்கு ஜாமீன் நின்றவர் வீட்டு வாசலில் என்னைப் போன்ற ஒருவன் வந்து நிற்பான். நின்றிருக்கிறேன். அந்த வீட்டில் காப்பி கொடுப்பார்கள், அதைக் குடிக்க முடியாது.

கடன் வாங்கி இலவச வைத்தியம் நடத்த முடியாதா என்றால், முடியும். மதுரையிலேயே நடந்திருக்கிறது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது வங்கிகள் கைவிரித்தன. வீட்டை அடமானம் வைத்துத்தான் தொடங்கினார். அந்தக் கடன் அடைந்ததற்குக் காரணம், கொடுக்க முடிந்த நோயாளி கொடுத்த பணத்தில் கொடுக்க முடியாதவருக்கும் சிகிச்சை நடந்தது. உள்ளே பணம் வர ஒரு வாசல் இருந்தது. உங்கள் கொட்டகையில் அந்த வாசல் எங்கே?

உங்கள் மருமகன் சொன்னது சரிதான். ஆனால் அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில்லை. வெளியில் நியாயமான வட்டிக்குக் கடன் கிடைக்கவில்லை, ஊர் மக்களின் ஆதரவு இருக்கிறது, திருப்பிக் கட்ட வருமானம் வரும் என்று மூன்றையும் காட்ட வேண்டும். மூன்றாவதில் நீங்கள் அங்கே பிறந்திருந்தாலும் தோற்றிருப்பீர்கள்.

ஒன்று கேட்க விட்டுவிட்டேன். பெரியவர் களத்தைக் 'கொடுத்தார்' என்கிறீர்களே, பத்திரம் யார் பெயரில்? மன்றப் பதிவு உயிரோடு இருக்கிறதா?

தென்கரைத் தம்பி:

ஐயா, 1930-க்குப் பேசிவிட்டேன். புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். பொருளாளர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று அவர் வீட்டில் சொன்னார்கள். மன்றத்தின் நட்டம் என்று தீர்மானம் போட்டுவிட்டோம்.

பத்திரம் ஏதுமில்லை. தாத்தா தைப் பொங்கலன்று களத்தின் நடுவில் நின்று, "இனி இது பிள்ளைகளுக்கு" என்றார். ஊரே கேட்டது. பட்டா இன்னும் அவர் பெயரில்தான். மன்றம் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது. ஆண்டுக் கணக்கைக் கடைசியாக எப்போது தாக்கல் செய்தோம் என்று தேடினேன். நான்கு ஆண்டு பாக்கி. தீர்மானப் புத்தகத்தின் நடுப்பக்கங்களில் கபடிப் போட்டிப் புள்ளிகள் எழுதியிருக்கின்றன.

பழைய கிளைமேலாளர்:

ஊர் கேட்டது சார்பதிவாளருக்குக் கேட்காது. தாத்தாவுக்கு எத்தனை மகன்கள்?

தென்கரைத் தம்பி:

மூவர். ஒருவர் திருப்பூரில்.

பழைய கிளைமேலாளர்:

அப்படியானால் கடன் பேச்சை நிறுத்திவிட்டு, தாத்தா நடமாடும்போதே பத்திரத்தை முடியுங்கள். பாக்கிக் கணக்குகளை ஒரு தணிக்கையாளரிடம் கொடுத்துச் சரிசெய்து, தாமதத்துக்கான விண்ணப்பத்தோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டுங்கள். பின்னால் எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான். கம்பெனிகள் தங்கள் லாபத்தில் ஒரு பங்கைப் பொதுநலத்துக்குச் செலவிடும் சமூகப் பொறுப்பு நிதிக்குப் போனாலும் அப்படியே. கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் நோய்த் தடுப்பு மருத்துவமும் இருக்கிறது, கிராமிய விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. உங்கள் களத்துக்கென்றே எழுதியது போலத் தோன்றும். ஆனால் வருமானவரித் துறையின் பதிவுகளும் மூன்று ஆண்டுச் செயல்பாடும் கேட்பார்கள். கபடிப் புள்ளிகளைக் காட்டினால் சிரிப்பார்கள்.

மேலூர்க்காரன் எழுதியது:

கிளைமேலாளர் ஐயா கடன் கதையை முடித்து வைத்துவிட்டார். கடனில்லாத வழி ஒன்றை நான் சொல்கிறேன். அதில் பட்ட பாட்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

நமக்கு நாமே திட்டம். 1997-98-இல் வந்தது, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறியது, 2021-இல் பழைய பெயரோடு திரும்பியது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர் குடியிருப்பு என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். உங்கள் 15 லட்சத்துக்கு 5 லட்சம் சேர்த்தால் ஆயிற்று. வெளிநாட்டு மருமகனிடம் 40 ஆண்டுத் தவணையைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் நேராக ஒரு லட்சம் கேட்டிருக்கலாம். ஆனால் கொத்தனார் கணக்கு அங்கே செல்லாது. ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு போட வேண்டும். கோரிக்கை மனுவோடு வட்டார வளர்ச்சி அலுவலரைப் பாருங்கள். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருடையது 5 கோடி. அவர்களிடமும் கேட்கலாம். தெருவிளக்கும் சாக்கடையும் கேட்பவர்கள் உங்களுக்கு முன்னால் நிற்பார்கள்.

இப்போது பட்ட பாடு. இந்த வழியில் பணமாக எதுவும் உங்கள் கைக்கு வராது. வேலையாகத்தான் வரும். கட்டி முடித்தால் அது ஊராட்சியின் சொத்து. நிலத்தையும் ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். எங்கள் ஊரில் பக்கத்து நிலத்தை எழுதிக் கொடுத்து ஒரு உடற்பயிற்சிக் கூடம் வாங்கினோம். திறப்பு விழாவுக்கு வாழைமரம் கட்டினோம். அன்று மாலையே பூட்டினார்கள். சாவி யாரிடம் என்பது அடுத்த எட்டு மாதம் ஊரில் விடுகதையாக இருந்தது. காலையில் ஐந்து மணிக்குப் பையன்கள் வருவார்கள், சாவிக்காரர் ஒன்பதரைக்கு வருவார். உள்ளே தண்டால் எடுக்கும் கம்பியில் யாரோ துண்டு காயப் போட்டிருப்பது சன்னல் வழியே தெரியும். கடைசியில் கிராம சபையில் எழுந்து பேசி, 'பராமரிப்பும் சாவியும் மன்றத்திடம்' என்று தீர்மானம் வாங்கினோம். நீங்கள் அதை நிலத்தை எழுதிக் கொடுப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். நாங்கள் பின்னால் வாங்கியதால்தான் எட்டு மாதம்.

வாடிப்பட்டிச் செவிலியர் எழுதியது:

ஆண்கள் இத்தனை பேர் பேசியும் ஒருவரும் கேட்கவில்லை. தம்பி, ஞாயிற்றுக்கிழமை வரும் பாட்டிகள் இப்போது சிறுநீர் கழிக்க எங்கே போகிறார்கள்?

கிராம சுகாதாரச் செவிலியராக 28 ஆண்டு வேலை பார்த்தேன். மூட்டுவலிக்காரிகள் முகாமுக்கு வராததற்குக் காரணம் மருந்து கசப்பல்ல. திரும்பும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், வந்த இடத்தில் மயங்குவார்கள், "அழுத்தம் குறைந்துவிட்டது" என்று எழுதி அனுப்புவோம். உங்கள் 15 லட்சத்தில் இரண்டு அறைக்குப் பிறகுதான் கழிப்பறை வருகிறது. முதலில் அதைக் கட்டுங்கள், கைப்பிடிக் கம்பியோடு, மேலைநாட்டுப் பாணிக் கோப்பை வைத்து. குந்தி உட்கார முடியாதவர்கள்தானே உங்களிடம் வருகிறார்கள்.

இரண்டாவது, உங்களுக்கு ஆஸ்பத்திரி கட்டடம் எதற்கு? நிரந்தர மருத்துவமனை என்று பலகை மாட்டினால் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது, நலப்பணிகள் இணை இயக்குநரிடம் பதிவு இருக்கிறது. 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் நடக்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இயன்முறைச் சிகிச்சையும் (பிசியோதெரபி) வலி தணிப்புப் பராமரிப்பும் அதில் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரைப் பார்த்து, "வாரம் ஒரு நாள் இயன்முறைச் சிகிச்சையாளரை எங்கள் களத்துக்கு அனுப்புங்கள், இருபது பேரை நாங்கள் கூட்டி வைக்கிறோம்" என்று கேளுங்கள். வீடு வீடாக அலைவதைவிட அவர்களுக்கும் நல்லது. அதற்கு வேண்டியது ஒழுகாத ஒரு அறை, நான்கு பாய், சுவரில் பிடித்து நிற்க ஒரு கம்பி. இரண்டாவது அறையை வெட்டிவிடுங்கள்.

அந்த ரப்பர் உருண்டை தனியாகவே கடையில் கிடைக்கும், நூறு இருநூறுதான் ஆகும். சைக்கிள் டியூபில் காற்றுக் கசிந்தால் அளவு தப்பும். சிரிப்புக்கு வேண்டுமானால் பழையதை வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டுறவுக் கணக்கர் எழுதியது:

தாமதமாக வந்தாலும் ஒரு திருத்தம். கடன் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. தேசியக் கூட்டுறவு வளர்ச்சிக் கழகம் 2020 அக்டோபர் 19 அன்று 'ஆயுஷ்மான் சகாகார்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கூட்டுறவுச் சங்கங்கள் மருத்துவமனை, முதியோர் பராமரிப்பு போன்றவற்றை அமைக்க மொத்தம் 10,000 கோடி வரை கடன் என்று அறிவித்தார்கள். பெண்கள் பெரும்பான்மையாக உள்ள சங்கங்களுக்கு வட்டியில் ஒரு விழுக்காடு சலுகை. அமெரிக்கக் கதைக்கு நம் நாட்டில் எனக்குத் தெரிந்த நெருங்கிய உறவு இதுதான்.

ஆனால் நம் மொழியில் எல்லாவற்றுக்கும் 'சங்கம்' என்று ஒரே பெயர் வைத்ததால் வந்த குழப்பத்தை நாற்பது ஆண்டாகப் பார்க்கிறேன். உங்கள் மன்றம் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்துச் சங்கம். இந்தக் கடன் கூட்டுறவுச் சங்கங்களுக்கு. அவை இங்கே 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் வருபவை, துணைவிதியில் மருத்துவப் பணிக்கு இடம் இருக்க வேண்டும். கழிப்பறையும் ஒரு அறையும் கட்டுவதற்காகக் கூட்டுறவுச் சங்கம் தொடங்குவது கொசுவுக்கு வேட்டு வைப்பது மாதிரி. உங்களைச் சுற்றி இருபது ஊர்க் கொடிக்கால்காரர்கள் சேர்ந்து உண்மையிலேயே ஒரு மருத்துவமனை நடத்த நினைத்தால் அப்போது வாருங்கள், பேசலாம்.

தென்கரைத் தம்பி:

எல்லோருக்கும் நன்றி. இந்த இரண்டு வாரத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

செவிலியர் அக்கா கேட்ட கேள்விக்குப் பதில்: வாய்க்கால் கரை. இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை என்பது வெட்கம். மதிப்பீட்டைத் தலைகீழாக்கிவிட்டோம். கழிப்பறை, ஒரு அறை, விளக்கு. சுற்றுச்சுவருக்குப் பதில் கிளுவை வேலி. கொத்தனார் முகம் சுருங்கியது.

களத்தை இரண்டாகப் பிரிக்கலாம் என்று பேசியிருக்கிறோம். கபடிக் களத்துக்கு 13-க்கு 10 மீட்டர், மூன்று சென்டுக்குச் சற்று மேல்தான். சுற்றி ஆட்கள் நிற்கவும் சேர்த்து 10 சென்டை மன்றத்தின் பெயரிலேயே தானப் பத்திரமாக வாங்குவது. அறையும் கழிப்பறையும் வரும் 8 சென்டை ஊராட்சிக்குக் கொடுத்து நமக்கு நாமே திட்டத்தில் கேட்பது, சாவித் தீர்மானத்தை முதலில் வாங்கிக்கொண்டு. மனு கொடுத்தாயிற்று. பொறியாளர் எப்போது வருவார் என்று தெரியவில்லை. பங்குத்தொகையில் இதுவரை 1,40,000 வந்திருக்கிறது. அதில் 10,000 பொருளாளருடையது, வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. 1930-இலிருந்து இன்னும் பதிலில்லை.

திருப்பூர் மகன் வந்து கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார். தாத்தாதான் இப்போது ஒரு நிபந்தனை வைக்கிறார். அறைச் சுவரில் இறந்துபோன பாட்டியின் பெயர் இருக்க வேண்டுமாம். பாட்டிக்குக் கடைசி மூன்று ஆண்டு நடக்க முடியவில்லை. அந்த இரும்புக் கட்டில் அவர்களுடையதுதான். ஊராட்சிக் கட்டடத்தில் அப்படிப் பெயர் வைக்க விடுவார்களா?

மேலூர்க்காரன்:

சாவித் தீர்மானம் போடும் அதே கிராம சபையில் பெயருக்கும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பத்திரம் எழுதுபவரிடம் சொல்லி அதைத் தானப் பத்திரத்திலும் எழுதச் சொல்லுங்கள். கல்லை மட்டும் முன்கூட்டியே செதுக்கிவிடாதீர்கள். எங்கள் ஊரில் எழுத்துப்பிழையோடு ஒரு கல் இன்னும் கிடக்கிறது, அதன்மேல்தான் பையன்கள் சட்டையைக் கழற்றி வைக்கிறார்கள்.